‘இது எங்கட ஊர்’ என்று எப்போது தோன்றும்? கனடாவில் குடியேறியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கனடாவில் பொருந்திப்போவது பற்றிக் கேட்கச் சொன்னதும் இத்தனை கேள்வி வருமென்று நினைக்கவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்காக: யாழ்ப்பாணத்தில் பிறந்து எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தவள் நான். புதிதாக வருபவர்களுக்கு உதவும் அலுவலகமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். படிவம் நிரப்ப வருகிறவர்கள் நிரப்பி முடித்த பிறகும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். உண்மையான கேள்வி அப்போதுதான் வரும். இங்கே வந்திருப்பவையும் அந்த வகைதான். சட்டம் பற்றி நான் சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் கேஸுக்கு ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

மிசிசாகாவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர்: அக்கா, வந்து பதினாலு மாசம் ஆச்சுங்க. முதல் ஆறு மாசம் எல்லாமே பிடிச்சுது. நயாகரா போனோம், பனியில போட்டோ எடுத்தோம். இப்ப காலைல எந்திரிக்கவே பிடிக்கல. வேலை, சம்பளம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

கோளாறு ஒன்றும் இல்லை தம்பி. இது உங்களுக்கு இரண்டாவது பனிக்காலம். முதலாவது வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். இரண்டாவதில் வெறும் குளிர்தான்.

இதை 1955இலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். லிஸ்கோர் என்ற நோர்வே சமூகவியலாளர், புல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நோர்வேக்காரர்களிடம் விசாரித்தார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். நீங்கள் அந்த இடைவெளிக்கு நடுவில் நிற்கிறீர்கள். ஆனால் இதைப் பஞ்சாங்கம் மாதிரி எடுத்துக்கொண்டு பத்தொன்பதாம் மாதத்துக்கு நாள் எண்ண வேண்டாம். அவர்கள் திரும்பிப் போவதற்கென்றே வந்தவர்கள், நாங்கள் அப்படியில்லை. பலருக்கு முதல் நாளே மோசமாகத் தொடங்குகிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். டிசம்பர் நடுவில் இங்கே மாலை 4.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினால் யாருக்கும் மனம் சுருங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் வெளியே நடவுங்கள், குளிராக இருந்தாலும் பரவாயில்லை. நித்திரை, பசி இரண்டும் கெட்டு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் குடும்ப டாக்டரிடம் போங்கள். டாக்டரைத் தெரியாவிட்டால் 211க்குப் போன் பண்ணினால் எங்கே போகலாம் என்று சொல்வார்கள்.

அஜக்ஸில் இருந்து ஒருவர்: அக்கா, பொருந்திவிட்டோம் என்பதற்கு ஏதும் அறிகுறி இருக்கிறதா? உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

என்ன குறை சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். வந்த புதிதில் எல்லாவற்றையும் ஊரோடு வைத்துப் பார்ப்போம். தக்காளி விலையை ரூபாயில் பெருக்குவோம், பஸ் பிந்தினால் ‘எங்கட ஊரில...’ என்று தொடங்குவோம். பிறகு ஒரு நாள், ‘போன வருசம் இந்த நேரம் இவ்வளவு பனி இல்லை’ என்று வாயில் வரும். இந்த ஊரை இந்த ஊரோடேயே ஒப்பிடத் தொடங்கியிருப்பீர்கள். நான் பார்த்த அளவில் இதைவிட நம்பகமான அறிகுறி இல்லை. வீடு வாங்குவது அறிகுறியில்லை, அது மோர்ட்கேஜ்.

என் விஷயத்தில் அது பனி அள்ளும் சண்டையில் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் பனியை அள்ளி எங்கள் பக்கம் தள்ளுவார். கன காலம் அதையும் சேர்த்து நாங்களே அள்ளினோம். ஏதும் சொன்னால் பிரச்சினை வருமோ, ‘வந்தேறிகள்’ என்பார்களோ என்ற பயம். ஒரு ஜனவரிக் காலையில் சவளும் கையுமாகப் போய் ‘இது சரியில்லை’ என்று சொல்லிவிட்டேன். மனிதர் மன்னிப்புக் கேட்டார். பிறகு கதைத்தபோதுதான் தெரிந்தது, அவரும் போர்த்துக்கலில் இருந்து வந்தவர்.

பிராம்டனில் இருந்து ஒரு பெண்: சிட்டிசன்ஷிப் எடுத்தா அந்த ஃபீலிங் வருமா? விண்ணப்பிக்க இன்னும் நாலு மாசம் இருக்கு. எக்செல்ல நாள் கணக்கு வெச்சிருக்கேன்.

எல்லோரும் வைத்திருக்கிறார்கள் தங்கச்சி. விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) கிடைப்பதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365. பரீட்சையில் 20 கேள்வி, 15 சரியாக வந்தால் போதும். அதை நினைத்து நித்திரை முழிக்காதீர்கள்.

‘ஃபீலிங்’ எங்கிருந்து வந்தவர் என்பதைப் பொறுத்தது. அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். எடுத்தவருக்கு அந்தக் கடதாசி நித்திரையைத் தரும். 2012 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, அப்படி ஒருவர் பிறந்த நாட்டின் பாஸ்போட்டைப் புதுப்பித்து அந்த நாட்டுக்கே போய்வந்தால் அகதி நிலையை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் வழக்குப் போடலாம். நிறுத்தினால் பெரும்பாலும் பி.ஆரும் சேர்ந்தே போய்விடும். தாயின் செத்தவீட்டுக்குப் போய்வந்து மாட்டிக்கொள்ளக் கூடியவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை எடுத்தால் அந்தப் பயம் தீரும். இந்த நிலையில் இருக்கும் யாரும் தயவுசெய்து டிக்கெட் போட முன் வக்கீலைப் பாருங்கள்.

உங்களைப் போல இந்தியாவில் இருந்து வந்தவர்களுக்கு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, பாஸ்போட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் விசா இல்லாமல் போய்வரலாம், ஆனால் வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. சத்தியப் பிரமாணம் எடுத்த அன்று சிரித்துப் படம் எடுத்துவிட்டு, ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போட் தபாலில் திரும்பி வந்த அன்று அழுதவர்களைத் தெரியும். அழுகை வந்தால் வரட்டும்.

ஸ்காபரோவில் இருந்து ஓர் ஐயா: நான் 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்து வெளிக்கிட்டவன். முப்பது வருசத்துக்கு மேலாகிறது. பிள்ளைகள் கலியாணம் கட்டி இருக்கிறார்கள். எனக்கு இன்னும் கனவில் எங்கட கிணத்தடிதான் வருகிறது. நான் இந்த நாட்டுக்கு நன்றியில்லாதவனோ?

ஐயா, நன்றி வேறு, இது வேறு. கோயம்புத்தூர்த் தம்பி குடிவரவுக்கான புள்ளிக் கணக்குப் போட்டு, நாட்டைத் தெரிவு செய்து வந்தவர். உங்களைத் துரத்தினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்களே, அவர்களைப் போலத்தான் எங்கள் தலைமுறையில் பலர் வந்து விழுந்தோம். விரும்பிப் போகாத இடம் சொந்தமாக அதிக நாள் எடுக்கும்.

அதோடு உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. உங்கள் பகுதி இராணுவத்தின் அதியுயர் பாதுகாப்பு வலயமாகிப் பல வருடம் யாரும் கால் வைக்க முடியாமல் இருந்தது. போய்ப் பார்த்து, ‘எல்லாம் மாறிவிட்டது’ என்று சலித்துக்கொண்டு திரும்புகிற வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கிணத்தடி 1990இல் விட்ட மாதிரியே இருக்கிறது.

காணி விடப்பட்டிருந்தால், உடம்பும் இடம் கொடுத்தால், ஒருக்கால் போய்வாருங்கள். தனியாகப் போகாமல் ஒரு பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நின்று மூன்றாம் கிழமை ‘என்ரை டாக்டர் அங்கதான்’ என்று நீங்களே சொல்லக்கூடும். சொல்லாமலும் விடக்கூடும். அப்படி அங்கேயே சில மாதம் இருந்துவிட்டு வெயிலோடு இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு ஊர் வைத்திருப்பது குற்றமில்லை. ஓ.ஏ.எஸ். என்ற முதியோர் காசும் சுகாதார அட்டையும் எத்தனை நாள் வெளியே இருந்தால் பாதிக்கும் என்பதை மட்டும் போக முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டோபிக்கோவில் இருந்து: ஊர்ல சிவில் என்ஜினியர். இங்க வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறேன். வேலை சரியாகாம ஊர் எப்படிங்க சொந்தமாகும்?

ஆகாது. இதை ‘மனப்பக்குவம்’ என்று சொல்லிச் சமாளிக்கிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் பிரச்சினை ஏக்கம் இல்லை, மரியாதை.

ஆனால் கதவு முன்பைவிடக் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒன்ராறியோவின் பொறியியலாளர் ஒழுங்குமுறை அமைப்பு, உரிமம் பெறக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதம் எடுத்துவிட்டது. 2026 ஜனவரி 1இல் இருந்து ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே கனடிய அனுபவம் கேட்கக் கூடாது. நேர்முகத்தில் வேறு விதமாகக் கேட்பார்கள், அது தெரிந்ததுதான். படிப்புச் சான்றுகளை இன்றைக்கே அனுப்பத் தொடங்குங்கள். ‘நேரம் வரட்டும்’ என்று வேர்ஹவுஸில் பத்து வருடம் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஓவர்டைம் நல்ல காசு, அதுதான் பொறி.

மார்க்கம் நகரில் இருந்து ஓர் அம்மா: சென்னைக்குப் போய்வந்தோம். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினதும் மகன் “அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு” என்கிறான். எனக்கு நெஞ்சில் குத்தியது.

அவனுக்கு அது வீடுதான். குத்தட்டும், அவனிடம் காட்ட வேண்டாம். ‘அதுதான் நம்ம ஊர், இது இல்லை’ என்று திருத்தினால் அவனுக்கு எதுவுமே ஊரில்லாமல் போகும். தமிழ் வேண்டுமென்றால் கல்விச் சபைகள் சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன, உயர்தரப் பள்ளியில் கிரெடிட்டும் கிடைக்கும். பன்னிரண்டு வயதில் கோபித்துக்கொண்டு நிற்பார்கள், இருபதில் தாங்களாகவே திரும்பி வருவார்கள். எல்லோரும் அல்ல.

வோனில் இருந்து: அம்மாவை சூப்பர் விசாவில் கூப்பிட்டேன். அஞ்சு வருஷம் இருக்கலாம். ஆனா ரெண்டு மாசத்துலயே “ஜெயில் மாதிரி இருக்குடா” என்கிறாங்க. என்ன செய்றது?

உங்கள் வீட்டில் இருந்து ஆகக் கிட்டிய கடைக்குக் கார் இல்லாமல் போக முடியுமா? முடியாதென்றால் அம்மா சொல்வது சரி.

அவருக்கு நாட்டைக் காட்ட வேண்டாம், ஒரு பஸ்ஸைக் காட்டுங்கள். நயாகராவும் சி.என். கோபுரமும் ஒரு நாளில் முடிந்துவிடும். ஸ்காபரோவில் ஒரு மகன் செய்ததைச் சொல்கிறேன். மூன்று சனிக்கிழமை தாயோடு ஒரே பஸ்ஸில் போனார். அட்டையை எங்கே தட்டுவது, மணியை எப்போது அடிப்பது, எந்தச் சிவப்புக் கட்டடம் வந்ததும் எழும்புவது என்று காட்டினார். நாலாம் கிழமை தாயைத் தனியாக அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவருக்குத் தெரியாமல் பின்னால் போனார். போய்ச் சேர்ந்தபோது தாயார் தமிழ்க் கடையில் முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, “போன கிழமை இதைவிட மலிவா தந்தனி” என்று கடைக்காரப் பொடியனோடு நின்றாராம். அவ்வளவுதான் விஷயம். பனிக்காலத்தில் மால்களுக்குள் நடக்கலாம், நூலகத்தில் தமிழ்ப் புத்தகமும் உண்டு. உங்கள் ஊரில் பஸ் குறைவென்றால், கிழமைக்கு ஒரு நாளாவது ஒரே கோயிலில் ஒரே நேரத்துக்கு இறக்கிவிடுங்கள். அங்கே வருகிற மற்ற அம்மாமார் பாக்கியைப் பார்த்துக்கொள்வார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: தமிழ்க் கடை, தமிழ் டாக்டர், தமிழ் வங்கிக்காரர் என்று ஸ்காபரோவுக்குள்ளேயே காலம் போகுது. இது கனடாவில் வாழ்வதா?

ஸ்காபரோ கனடாவில்தானே இருக்கிறது? ரொறன்ரோவில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். உங்களுக்கு அசல் கனடியராகத் தோன்றுகிறவரின் தகப்பனும் இத்தாலியின் கலாப்ரியாவில் இருந்து வந்திருக்கலாம். கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் பெரி இதைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். தன்னுடையதையும் விடாமல் புதியதிலும் கலந்துகொள்பவர்கள்தான் பொதுவாக நன்றாக இருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. தமிழ் டாக்டரை மாற்ற வேண்டாம். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு மட்டும் போங்கள், பேசாமல் பின்வரிசையில் இருந்தாலும் போதும்.

ஒஷாவாவில் இருந்து: திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறோம். தோல்வி போல இருக்கிறது.

தோல்வி இல்லை. ஆனால் பெப்ரவரியில் முடிவெடுக்காதீர்கள். பெப்ரவரியில் எழுதிய காரணங்களை ஜூனில் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அப்போதும் சரியாகப் பட்டால் போங்கள். 5 வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தால் பி.ஆர். கடமை நிறைவேறும், ஆகவே கதவைச் சாத்தாமலே போய்ப் பார்க்க வழி உண்டு. பெற்றோருக்காகப் போகிறீர்களா, இங்கிருந்து தப்பவா என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தாளும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பிக்கரிங்கில் இருந்து: அப்பா போன மாதம் காலமானார். இங்கேயே தகனம் செய்தோம். அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மா இங்கேயே கரைக்கலாம் என்கிறா, “நான் போய் நிக்க ஒரு இடம் வேணும்” என்கிறா.

ஆழ்ந்த அனுதாபம். அம்மா சொல்வதைக் கேளுங்கள். நான் முன்னே சொன்ன அறிகுறியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒன்ராறியோவில் அரசுக்குச் சொந்தமான நீர்நிலைகளில் அஸ்தி கரைக்கத் தனி அனுமதி தேவையில்லை. பெரிய ஏரிகளும் அதில் அடங்கும். தனியார் கரையென்றால் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். குளிக்கிறவர்கள் கூடும் கரைப் பக்கம் தவிருங்கள், விடிய நேரத்தோடு போங்கள். பூவும் அரிசியும் போகட்டும், மாலையின் நூலையும் பிளாஸ்டிக்கையும் கழற்றிவிடுங்கள். படகு வாடகைக்கு எடுத்துப் போவோரும் உண்டு, ஐயரைக் கேட்டால் ஆளைச் சொல்வார். ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோக விரும்பினால் மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பெட்டி எக்ஸ்ரேயில் தெரியக்கூடியதாக இருக்க வேண்டும், உலோகப் பானை வேண்டாம்.

நேற்று வந்திறங்கிய மாணவர்: அக்கா, ஸ்னோ பூட்ஸ் எப்ப வாங்கணும்?

இன்றைக்கு. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள் தம்பி, உள்ளே தடித்த சொக்ஸ் போக இடம் வேண்டும்.