பழைய பிரெஞ்சு ரிவால்வர் ஒன்றை வாங்கும் முன் அதன் காலத்தையும் மதிப்பையும் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: புதுச்சேரியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒருவர் பிரெஞ்சுக்காரர் காலத்து ரிவால்வர் ஒன்றைக் காட்டியிருக்கிறார், நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பதால் லைசென்ஸ் வேண்டியதில்லை என்று சொல்கிறார், அது எந்த மாதிரி, எந்த ஆண்டினது, கேட்கும் விலைக்குத் தகுமா என்று அறிய விரும்புகிறீர்கள். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் சொன்ன லைசென்ஸ் கதையைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது தவறு.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45ஆம் பிரிவு பழைய ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு, வழக்கொழிந்த வகையாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதடைந்ததாகவோ இருப்பதோடு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த இயலாத நிலையில் இருப்பதற்கு மட்டுமே பொருந்தும். சுத்தியலின் ஊசி உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் இல்லை என்பதெல்லாம் ஒரு நல்ல பட்டறையில் சரிசெய்யக்கூடிய குறைகள். அவற்றைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது. இணையத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய 1898 என்ற எல்லை அமெரிக்கச் சட்டத்தினுடையது. 1900 என்பது பிரான்சினுடையது. நம் சட்டத்தில் அப்படி ஓர் ஆண்டு எல்லை கிடையாது. எனவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது யாருடைய உரிமத்தில் இருக்கிறது என்பதுதான். காகிதம் இல்லை என்றால், அல்லது உங்களிடம் உரிமம் இல்லை என்றால், அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்து மூலம் கேட்பதே முறை.

காகிதம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ரிவால்வர் என்று சொல்லப்படுவதில் இரண்டு ராணுவ மாதிரிகளை முதலில் மனத்தில் கொள்ளலாம். ஒன்று 1873ஆம் ஆண்டு மாதிரி: 11 மில்லிமீட்டர், ஆறு தோட்டா, ஏறக்குறைய 1.2 கிலோ எடை, செயின்ட் எட்டியன் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. மற்றொன்று 1892ஆம் ஆண்டு மாதிரி: 8 மில்லிமீட்டர், தோட்டாக்களைத் தாங்கும் உருளை வலப்பக்கமாக வெளியே திறக்கும். சொல்தா குடும்பம் ஒன்று, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின் புதுச்சேரிக் குடும்பம், முறையான உரிமத்தோடு வைத்திருந்த 1873ஐ நான் நிதானமாகப் பார்த்திருக்கிறேன். உடலின் வலப்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் சாய்ந்த கையெழுத்து வடிவில் வெட்டப்பட்டிருந்தது. குழலின் மேல் தட்டையில் மாதிரியின் பெயரும், வலத் தட்டையில் எஸ் என்ற எழுத்தோடு தயாரித்த ஆண்டும் இருந்தன. விரல் நுனியால் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தட்டுப்பட்டது. மாதிரியின் ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு என்பதை இங்கே கவனியுங்கள்; 1873 என்று மேலே இருப்பதைப் படித்துவிட்டு அதுவே பிறந்த ஆண்டு என்று விலை சொல்பவர்கள் உண்டு. படைவீரர்களுக்கான 1873 பளபளப்பான வெள்ளை இரும்பாகவும், உருளை வழவழப்பாகவும் இருக்கும். அதிகாரிகளுக்கான 1874 மாதிரி கருநீலச் சாயலும், உருளையில் நீள்பள்ளங்களும் கொண்டது. 1873ஐ யாராவது பிற்பாடு கருக்கி, அதிகாரியின் துப்பாக்கி என்று விற்க முயன்றால் பள்ளமில்லாத அந்த உருளையே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரெஞ்சுக்காரருடையது என்று சொல்லப்படுபவற்றில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சரக்கும் இருக்கக்கூடும், அதில் வியப்பில்லை, அந்த ஊர் உலகம் முழுவதற்கும் மலிவான ரிவால்வர்களை ஏற்றுமதி செய்தது. உருளையில் ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது லியேஜ் சோதனைச்சாலையின் முத்திரை. அந்த வட்டத்தின் மேல் கிரீடம் இல்லையென்றால் 1893க்கு முந்தியது, இருந்தால் பிந்தியது. பரிசோதகரின் தனி எழுத்தையும் தேடுங்கள்: எழுத்தின் மேல் கிரீடம் இருப்பது 1853 முதல் 1877 வரை, நட்சத்திரம் இருப்பது அதற்குப் பிறகு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தாலே காலம் கணிசமாக நெருங்கிவிடும். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இந்தச் சின்னஞ்சிறு முத்திரைகளை நான் அதிகம் நம்புவேன்.

உருளையின் பின்விளிம்பில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு வெட்டு இருந்தால் அது லெஃபோஷே முறை, அதாவது தோட்டாவின் பக்கவாட்டிலிருந்து ஓர் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. பிரெஞ்சுக் கடற்படை 1858இல் ஏற்றுக்கொண்டது இதைத்தான். இதில் ஓர் எச்சரிக்கை: பழைய தோட்டா உள்ளேயே சிக்கியிருந்தால் அந்த ஊசி மீது படும் ஒரு தட்டுக்கூட வெடிக்கச் செய்யலாம். தட்டி வெளியே எடுக்க முயலாதீர்கள்.

கடலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் ஆங்கிலேயச் சரக்காக இருக்கலாம், ஆகவே அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலில் சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் என்று இருந்தால் அது கடையின் பெயர், செய்தவரின் பெயரன்று. கடிகாரத்துக்குப் பேர்போன அந்த நிறுவனம் துப்பாக்கிகளையும் விற்றது. ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனமான வெப்லி அண்ட் ஸ்காட்டின் இந்த இணைந்த பெயர் 1897இல்தான் வந்தது, எனவே அந்தப் பெயரைத் தாங்கிய எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்க ரிவால்வர்களில் காணப்படும் தேதிகள் பெரும்பாலும் காப்புரிமைத் தேதிகள்; அவை இந்த ஆண்டுக்கு முன் செய்திருக்க முடியாது என்று மட்டுமே சொல்லும்.

முத்திரைகளுக்கு அடுத்து எண்களைப் பாருங்கள். உடல், குழல், உருளை ஆகியவற்றில் இருக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் மதிப்பு உயரும். பொருந்தாவிட்டால் அது பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்த ஒன்று. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, மூலைகள் உருண்டு, மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னினால் யாரோ அரைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். இதனால் மதிப்பு பாதியாகக் குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஊசித் துளைபோன்ற குழிகளும் எழுத்துப் பிழையும் சேர்ந்து தெரிந்தால் அது வார்ப்பில் செய்த அலங்காரப் பொருளாகவோ நாட்டுத் தயாரிப்பு நகலாகவோ இருக்கும்.

இங்கே கதைகளுக்கும் குறைவில்லை. வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் இளைஞர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார், வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டார் என்ற வரலாறு இருப்பதால், பழைய ரிவால்வர் எதுவானாலும் அந்த வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுகிறார்கள். வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல், உருளை சுழலும் ரிவால்வர் அல்ல. கடிதமோ பழைய உரிமமோ படைப்பிரிவுச் சான்றோ இல்லாத கதைக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, இணையத்தில் கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு வெளிநாட்டு ஏலங்களில் உண்மையில் முடிந்த விலைகளைப் பாருங்கள். அதே மாதிரி, அதே நிலை, எண்கள் பொருந்தியவை என்று ஒப்பிடுங்கள், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனாலும் அந்தத் தொகையை ரூபாயாக மாற்றி இங்கே கொடுப்பது சரியல்ல. நம் ஊரில் உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நூறு ஆண்டு கடந்து வரலாற்று மதிப்பும் உடையதென்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. வாங்குவோர் இவ்வளவு குறைவாக இருக்கும்போது வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்கு கேட்டாலே அதிகம் என்பது என் கணிப்பு.

இப்போதைக்கு முத்திரைகள் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில், விற்பவரையே படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்; அவருடைய உரிமத்தின் நகலில் இருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். நீங்கள் கடலூர்க்காரர் என்றால் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டுவது வேறொரு நிர்வாகத்தின் எல்லைக்குள் நுழைவது, ஆகவே உங்கள் உரிமம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்துச் செல்லுமா என்று உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.