நோட்டீசில் இருக்கும் ‘இண்ட்ரஸ்ட்’ எல்லாம் வட்டியா?

கேள்வி: எனக்கு ஊர் திருமங்கலம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடைக்காகப் பேங்கில் கடன் வாங்கினேன். நாலு மாதத் தவணை நின்றுபோனது. இப்போது சர்ஃபாசி சட்டப்படி என்று ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. வரிக்கு வரி ‘இண்ட்ரஸ்ட்’. செல்போனில் மொழிபெயர்த்தால் ஓரிடத்தில் ‘வட்டி’ என்கிறது, இன்னோரிடத்தில் ‘பாதுகாப்பு ஆர்வம்’ என்கிறது. புதிதாக இன்னொரு வட்டி போடுகிறார்களா? வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் ஒருவர் அட்வான்ஸ் தரத் தயார். வாங்கலாமா?

பதில்: புது வட்டி எதுவும் இல்லை. ‘செக்யூரிட்டி இண்ட்ரஸ்ட்’ என்பது உங்கள் வீட்டின் மேல் பேங்குக்கு உள்ள பிணை உரிமை. மூலப்பத்திரத்தை அடமானமாகக் கொடுத்தபோதே அது வந்துவிட்டது. வட்டியை நினைத்துப் பதறுவதைவிட இதைக் கவனியுங்கள். வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சொல்லைத் தனியாகப் பார்த்தால் குழப்பம்தான். கூட வரும் சொல்லைப் பாருங்கள். ‘ரேட்’, ‘பெர்சென்ட்’, ‘ஓவர்டியூ’ என்று வந்தால் வட்டி. ‘பிராப்பர்ட்டி’ பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் உரிமை. கிரயப் பத்திரத்தில் ‘ரைட், டைட்டில் அண்ட் இண்ட்ரஸ்ட்’ என்று எழுதுவது இந்தப் பொருளில்தான். ‘பப்ளிக் இண்ட்ரஸ்ட்’ என்றால் பொதுநலம். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் போடும் பொதுநல வழக்கு அதுவே. ‘வெஸ்டட் இண்ட்ரஸ்ட்’ என்று செய்தித்தாளில் வந்தால் சுயலாபக்காரர் என்று திட்டுகிறார்கள். பேரன் பேருக்குத் தாத்தா எழுதிய செட்டில்மெண்டில் வந்தால் உறுதியாகிவிட்ட உரிமை, நல்ல செய்தி. (நம்மூரில் நேர்மாறு: வட்டி ஒன்றுக்கே கந்து, மீட்டர், தண்டல் என்று அத்தனை பெயர். 2003-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமே அவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது.)

இனி உங்கள் நோட்டீஸ். சர்ஃபாசி என்பது, பிணையாக உள்ள சொத்தைக் கையகப்படுத்திக் கடனை வசூலிக்கப் பேங்குக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 13(2) பிரிவுப்படி, நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாளுக்குள் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்வார்கள். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுதான். கணக்கில் தவறு இருந்தாலோ, சொல்ல நியாயம் இருந்தாலோ, அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பேங்க் அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் எழுத வேண்டும். மேனேஜரிடம் நேரில் போய் முறையிடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புகை முத்திரை வாங்காவிட்டால் அது பேச்சோடு போய்விடும். கெடு முடிந்து வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் மதுரையிலேயே உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீஸ் வந்த உடனே அங்கே ஓட முடியாது.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உண்மையில் வெள்ளாமை நடக்கும் விவசாய நிலத்தின் மேலுள்ள பிணை உரிமைக்கு இந்தச் சட்டம் செல்லாது. உங்களுடையது வீடு என்பதால் அந்த விலக்கு கிடையாது.

அட்வான்ஸ் இப்போது வாங்காதீர்கள். இந்த நோட்டீஸ் வந்தபின் பேங்கின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது சர்ஃபாசியின் 13(13) பிரிவு. பணம் தருகிறவருக்கும் பாதுகாப்பு இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54-இல், வெறும் கிரய அக்ரிமெண்ட் சொத்தில் எந்த ‘இண்ட்ரஸ்டையும்’ உண்டாக்காது என்கிறது. அதாவது அக்ரிமெண்ட் போட்டதாலேயே வீட்டில் அவருக்குப் பாத்தியதை வந்துவிடாது. விற்றுத்தான் அடைக்க வேண்டுமென்றால் மூவரும் ஒன்றாக உட்காருங்கள்: நீங்கள், வாங்குகிறவர், பேங்க். அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின், வாங்குகிறவர் பணத்தை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். கணக்கு முடிந்து மூலப்பத்திரம் திரும்பியதும் கிரயம் பதியலாம். எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்பதைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீசில் உள்ள தொகைக்கு மேல் கட்டும் நாள் வரை வட்டி ஏறும், அது நிஜ வட்டி.