தள்ளாடும் குதிரைக்கு ஊசி போடும் முன்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் தோட்டம். ஆடியில் அந்தியூர் சந்தையில் நான்கு வயதுக் கத்தியவார் பெண் குதிரை வாங்கினேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டியே கட்டியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பின்பக்கம் தள்ளாடுகிறது, திரும்பும்போது கால் பின்னுகிறது. தீனி நன்றாகத் தின்கிறது. வாங்கிக் கொடுத்த தரகர் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி, மெடிக்கலில் வலி ஊசி வாங்கி இரண்டு முறை போட வைத்தார். குறையவில்லை. இப்போது ஸ்டீராய்டு போடச் சொல்கிறார். எத்தனை மில்லி போடலாம்? ஊர் நோம்பிக்கு மகன் இதில் ஏறி வர ஆசைப்படுகிறான்.

பதில்: மில்லிக் கணக்கை நான் சொல்லப்போவதில்லை. இது காலில் வந்த வலியா, நரம்பில் வந்த கோளாறா என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அது தெரியும்வரை மகனை ஏற்றாதீர்கள். கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நடக்கும் குதிரை, ஏறியவர் மேலேயே விழும். இது நோம்பியை விடப் பெரிய விஷயம்.

வலியால் நொண்டும் குதிரை ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி நொண்டும். நரம்புக் கோளாறு உள்ள குதிரைக்கு ஓர் அடி அகலமாக விழும், அடுத்தது குறுக்கே போகும், அதற்கடுத்தது சரியாகவே இருக்கும். எந்த அடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. வலி ஊசி இரண்டு போட்டும் நடை மாறவில்லை என்பதும் நரம்புப் பக்கம்தான் சந்தேகத்தைத் திருப்புகிறது.

நான் பிடிவாதமாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: நடத்திப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. மயக்க மருந்து போட்டால் நல்ல குதிரையே தள்ளாடும், அந்த நேரத்தில் நடத்திப் பார்ப்பது வீண். ஸ்டீராய்டு சில நாளைக்கு நடையைத் தேற்றிக் காட்டி, மருத்துவர் பார்க்க வேண்டிய அடையாளத்தை மறைத்துவிடும். உள்ளே சுர்ரா போன்ற ரத்த ஒட்டுண்ணி நோய் இருந்தால் அதைக் கிளப்பிவிடும். சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சியும் வரும். கும்ரி (கொசு வழியே வரும் புழு தண்டுவடத்தைத் தாக்கும் நோய்) என்று உறுதியானால் மருத்துவரே ஸ்டீராய்டு கொடுக்கலாம், அது அவர் பார்த்து அளந்து கொடுப்பது. விற்றுக் காசு வாங்கிய தரகர் வைத்தியம் சொல்வதும், சீட்டு இல்லாமல் மெடிக்கலில் ஊசி எடுத்துக் கொடுப்பதும் அயோக்கியத்தனம். குதிரை விழுந்தால் இருவரில் ஒருவரும் உங்கள் தோட்டத்துக்கு வரப்போவதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் ஓர் எச்சரிக்கை. நரம்புக் கோளாறு தெரியும் எந்தக் குதிரையின் வாயிலும் வெறுங்கையை விடாதீர்கள். வெறிநோயும் பின்னங்கால் தளர்ச்சியாகத் தொடங்கலாம். வெறிநோய் வந்த குதிரை பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். உங்களுடையது மூன்று வாரமாக நின்று தின்பதால் அதற்கான வாய்ப்பு குறைவு. ஆனாலும் நாய் கடித்த காயம், எச்சில் ஒழுகல், குரல் மாற்றம் இருந்தால் யாரும் கிட்டே போக வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முகத்திலிருந்து தொடங்குங்கள். காது ஒன்று தொங்குகிறதா, உதடு ஒரு பக்கம் இழுக்கிறதா, கண்ணருகே விரலைக் காட்டினால் இமைக்கிறதா என்று பாருங்கள். முகமும் புத்தியும் தெளிவாக இருந்தால் கோளாறு மூளைக்குக் கீழே, தண்டுவடத்தில் இருக்கலாம். அப்புறம் பின்னங்குளம்பின் நுனி. முன் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் காலைத் தூக்காமல் இழுத்து நடந்திருக்கிறது.

நடையை ஈர மண்ணில் பார்ப்பது நல்லது, தடம் பதியும். நேராக நடத்துங்கள், பின்னுக்குத் தள்ளுங்கள், பிறகு இரண்டு பக்கமும் நெருக்கமாக வட்டம் சுற்ற வையுங்கள். கோளாறு இருந்தால் வட்டத்தில் வெளிப்பக்கப் பின்னங்கால் அரிவாள் வீசுவது போல் அகலமாகச் சுழன்று விழும், உட்பக்கக் கால் நட்ட இடத்திலேயே நின்று திருகும். பின்னுக்குத் தள்ளினால் கால் தாமதமாக நகர்ந்து, நுனி மண்ணைக் கீறும்.

வாலிழுப்புதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒருவர் கயிறு பிடித்து நடத்த, நீங்கள் இடுப்புக்கு அருகே பக்கவாட்டில் கூடவே நடங்கள், நேர் பின்னால் நிற்கவே கூடாது. வாலைப் பிடித்து உங்கள் பக்கம் சீராக இழுங்கள். நல்ல குதிரை முதல் இழுப்பிலேயே உடம்பை எதிர்ப்பக்கம் இறுக்கும். பலம் போன குதிரை உங்களை நோக்கி ஒரு தப்படி தடுமாறி வந்துவிடும். இரண்டு பக்கமும் செய்து பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலும் ஒருமுறை இழுங்கள். நடக்கும்போது தளர்ந்தும் நிற்கும்போது எதிர்த்தும் நின்றால், காலுக்குப் போகும் நரம்பு சரியாகவே இருந்து தண்டுவடத்தில் மேலே கோளாறு என்று மருத்துவர் யோசிப்பார்.

முன்னங்கால் திடமாக இருந்து பின்னங்கால் மட்டும் தளர்ந்தால், கோளாறு பெரும்பாலும் முதுகுத் தண்டில். நாலு காலும் தள்ளாடி, பின்கால் கூடுதலாகத் தள்ளாடினால் கழுத்தில். வால் துவண்டு, சிறுநீர் சொட்டினால் வால் பக்கத்து நரம்புகளில். மருத்துவர்கள் தள்ளாட்டத்தை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள், 5 என்றால் எழவே முடியாது. இதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நாளைக்குச் சரியாகிறதா மோசமாகிறதா என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது மாட்டுக் கொட்டகையை ஒட்டிய லாயம்தான். மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா என்ற நூல் போன்ற புழு வாழும், மாட்டுக்கு அது பெரிய தொந்தரவு தராது. அதன் குஞ்சுகள் மாட்டு ரத்தத்திலிருந்து கொசு வழியே குதிரைக்குப் போனால், வழி தவறித் தண்டுவடத்தில் அலையும். கும்ரி என்பது இதுதான். சில குதிரைகளுக்கு அதே புழு கண்ணுக்குள் நெளிவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கொசு பெருகும் வாய்க்கால் ஓரம், பக்கத்தில் மாடு, மழைக்காலம் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. கும்ரிக்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலன் இருக்கும். ஆனால் சேதமான தண்டுவடத்தைச் சாதாரணப் புழு மருந்து மீட்டுத் தராது, அதனால்தான் நாட்களை வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

இந்த வாரமே உள்ளூர் கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ கூப்பிடுங்கள், முடிந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிப் போங்கள். வண்டியில் ஏற்றும்போது தரையில் மணலோ வைக்கோலோ பரப்பி, இரண்டு பக்கமும் தடுப்பு வையுங்கள். போட்ட ஊசிகளின் பெயர், தேதி, அளவை எழுதி எடுத்துப் போங்கள், காலிக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குதிரையைக் கொட்டகையிலிருந்து முடிந்த அளவு தள்ளிக் கட்டுங்கள், மாலையில் வலை போடுங்கள். ஆடு வளர்ப்பவரானால் ஆட்டையும் கவனியுங்கள், அதே கொசு ஆட்டுக்கும் பின்னங்கால் முடக்கத்தைக் கொண்டுவரும்.