காபி குடித்தீர்களா, பாட்டி?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. அடுத்த வாரம் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன். “மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கவே மாட்டேன்” என்று நகைகளை இப்போதே பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். எப்படித் தேற்றுவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நகையைக் கழற்றட்டும், தியேட்டருக்குள் எப்படியும் கழற்றச் சொல்வார்கள்!

31 வருடம் மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ‘எழுந்திருப்பேனா?’ என்று கேட்காத பாட்டியைப் பார்த்ததே இல்லை. வேறு நோயில்லாதவர் மயக்க மருந்தால் மட்டுமே இறப்பது லட்சத்தில் ஒருவர் என்கிற அளவுக்கு அபூர்வம். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் கொஞ்சம் கூடும். அதற்குத்தான் முன்கூட்டியே ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. காலை ஏழரை மணி கேஸ் ஒன்று. “பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை” என்றார் அந்தப் பாட்டி. மேலுதட்டில் பழுப்பாக நுரைக்கோடு. “காபி குடித்தீர்களா, பாட்டி?” என்றேன். “அது சாப்பாடா டாக்டர்?” என்றார். ஆபரேஷன் மத்தியானத்துக்குப் போனது. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பால் சேர்த்த காபிக்கு எங்கள் கணக்கில் இட்லிக்குப் போலவே ஆறு மணி நேரம். வெறும் தண்ணீர் பெரும்பாலானோர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிலசமயம் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். அதனால் அம்மாவுக்கு மயக்க டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு. எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதும் அப்படியே.

மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். ஆடுகிற பல், குறட்டை, உறவில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது, எல்லாம் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது பரம்பரையாக வரலாம்.

பயத்துக்கு? முந்தைய நாளே அந்த டாக்டரை அம்மா நேரில் பார்க்கட்டும். பயம் தணிக்கும் மாத்திரை வயதானவர்களுக்குக் குழப்பம் உண்டாக்கும், நான் கூடியவரை தவிர்த்தேன். பதிலாக, “இப்போது கை கொஞ்சம் எரியும், பத்து நொடிதான்” என்று ஊசிக்கு முன்பே சொல்லி, கையைப் பிடித்துக்கொள்வேன். சொல்லாமல் எரிந்தால்தான் மிரளுவார்கள். மூக்குக் கண்ணாடியை முடிந்தவரை கடைசி நிமிடம்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன். கூடையைக் கண்டாலே பீரோ மேல் ஏறிவிடுகிறாள். பயத்திலேயே ஏதாவது ஆகிவிடுமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நான் மனிதர்களுக்கான டாக்டர். கால்நடை மருத்துவத் தோழியிடம் கேட்டும், என் பூனையிடம் பட்டும் சொல்கிறேன்.

மிரண்ட பூனைக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். அதனால் கூடையை ஒரு வாரம் முன்பே ஹாலில் திறந்து போடுங்கள், உள்ளே அவள் படுக்கும் துண்டு. மிகவும் மிரளும் பூனைக்கு வீட்டிலேயே முன்கூட்டி கொடுக்க காபாபென்டின் என்கிற பயம் தணிக்கும் மருந்து உண்டு, எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்ல வேண்டும். நீங்களாக வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், நோயுள்ளவை இல்லாதவை எல்லாம் சேர்த்து, மயக்கம் கொடுத்த பூனைகளில் சுமார் 400-க்கு ஒன்று இறந்திருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடிந்த பிறகு. அதனால் ‘ஆட்டோ காத்திருக்கிறது’ என்று அவசரப்படாமல், தலை தூக்கி நிற்கும்வரை அங்கேயே இருங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், துணி போர்த்துங்கள்.

இன்னொன்று. கெட்டமைன் என்கிற மயக்க மருந்து போட்டால் கண் மூடாது. என் பூனையும் கண்ணை விரித்தபடிதான் கிடந்தாள். அந்த மருந்தை எத்தனையோ பேருக்கு என் கையால் கொடுத்திருக்கிறேன். இருந்தும், “டாக்டர், மூச்சு இருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டேன்.