எட்டு மணி மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. அப்பா காலமானபோது தூங்குவதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறார். தெரிந்த மெடிக்கல்காரர் என்பதால் பழைய சீட்டுக்கே தந்துவிடுவார். இரவில் எனக்கு ஆபீஸ் கால் இருப்பதால் எட்டு மணிக்கே கொடுத்துவிடுவோம். ஆனாலும் மூன்று மணிக்கு எழுந்து அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுகிறார். இப்போது மறதியும் தடுமாற்றமும் வேறு. இதைவிட வீரியமான மாத்திரை கேட்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: தம்பி, அம்மாவுக்கு எட்டு மணிக்குத் தூக்கம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குக் கால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மாத்திரை யாருக்கு?

விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். எட்டிலிருந்து மூன்று வரை ஏழு மணி நேரம். 68 வயதுக்கு அது நிறைந்த தூக்கம். தூங்கி முடித்தவரை மறுபடி படுக்க வைக்கத்தான் வீரியமான மாத்திரை தேடுகிறீர்கள்.

அல்பிரசோலம் சில வாரங்களுக்கு மட்டும் என்று கொடுக்கிற வகை மருந்து. நாள்பட்டால் உடம்பு அதற்குப் பழகி, பழைய அளவுக்குத் தூக்கம் வராது, விடவும் முடியாது. வயதானவர்கள் உடம்பை விட்டு அது சீக்கிரம் வெளியேறாது. காலையிலும் மந்தம், நடையில் தள்ளாட்டம், சொன்னது மறப்பது எல்லாம் அதனாலேயே வரலாம். மூளைத் தேய்வு என்று நீங்களே முடிவு கட்டுமுன் மாத்திரையைச் சந்தேகியுங்கள். 65 தாண்டியவர்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலே எச்சரிக்கிறது. அரைத் தூக்கத்தில் அடுக்களைக்குப் போகிறவர் ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், உங்கள் ஆபீஸ் கால் என்னவாகும்?

மெடிக்கல்காரர் செய்வது உதவி இல்லை. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள ஹெச்1 அட்டவணையில், அதாவது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியலில், அல்பிரசோலம் இருக்கிறது. டாக்டர் சீட்டைப் பார்த்து, விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

கோபத்தில் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இன்னொன்று. அப்பா போன துக்கத்தில் தூக்கம் போனது. இந்த ஐந்து வருடத்தில் அவரைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து எத்தனை நாள் பேசினீர்கள்? பெரியவர்களை வேளைக்கு முன்னால் படுக்கப் போடுகிற வீட்டை எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், வரட்டும். உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் பேசுங்கள். பத்து மணிவரை அம்மா ஹாலில் உட்கார்ந்திருக்கட்டும்.

டாக்டரிடம் அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். அந்த எட்டு மணி விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். அம்மா சொல்ல மாட்டார்.