மருத்துவச் செலவுக்காக சர்ச்சும் கோவிலும் கூடினால் என்ன நடக்கும்? வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் மருத்துவம் வேண்டும் என்று சர்ச்சுகளும் யூத ஆலயங்களும் மசூதிகளும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் முயற்சிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில இவை. பாதிக் கேள்விகள் சட்டத்தைப் பற்றியவை. மீதி, "வீட்டில் ஒரு பில் கிடக்கிறது, என்ன செய்வது" என்ற ரகம். என் அனுபவத்தில் இரண்டும் வேறு வேறு கேள்விகள் இல்லை.

கேள்வி: அவ்வளவு பணக்கார நாட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்காக சர்ச் தெருவில் இறங்க வேண்டிய நிலை ஏன்? என் மகன் டெக்சாஸில் இருக்கிறான், அதனால் கேட்கிறேன். (கோயம்புத்தூர் வாசகர்)

அங்கே இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-இல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. போர் முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1965-இல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிகேர், ஏழைகளில் சில பிரிவினருக்கு மெடிக்கெய்ட் என்று இரண்டு அரசுக் காப்பீடுகள் வந்தன. நடுவில் விடுபட்டவர்கள் பெட்ரோல் பங்க்கில், ஹோட்டல் சமையலறையில், முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள்.

இவர்களுக்காகத்தான் 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மெடிக்கெய்டை விரிவாக்கியது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம், விரிவாக்குவதும் விடுவதும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம் என்று சொல்லிவிட்டது. உங்கள் மகன் இருக்கும் டெக்சாஸ், விரிவாக்காத மாநிலங்களில் ஒன்று.

சர்ச் ஏன் வருகிறது என்றால், வேலை போனவருக்கு இன்சூரன்ஸும் போய்விடும். ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவது நிற்காது. அவருடைய கஷ்டம் முதலில் தெரிவது போதகருக்குத்தான்.

கேள்வி: எங்கள் கோவில் அறங்காவலர் குழுவில், "இதெல்லாம் அரசியல், வரிவிலக்கு போய்விடும்" என்கிறார்கள். உண்மையா? (எடிசன், நியூ ஜெர்சி)

பாதி உண்மை. வேட்பாளர் யாரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. அது 1954-இலிருந்து வரிச் சட்டத்தில் உள்ள தடை. ஆனால் ஒரு சட்டத்தை ஆதரித்துப் பேசலாம், உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கலாம், மெடிக்கெய்ட் பற்றிக் கூட்டம் போடலாம். அந்த வேலை கோவிலின் மொத்தச் செயல்பாட்டில் சிறு பங்காகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரார்த்தனைக் கூட்டம் போட்டு எந்தச் சட்டமாவது மாறியிருக்கிறதா? (பாஸ்டன்)

நீங்கள் இருக்கும் ஊரிலேயே மாறியிருக்கிறது. கிரேட்டர் பாஸ்டன் இன்டர்ஃபெய்த் ஆர்கனைசேஷன் 1998-இல் உருவான கூட்டமைப்பு. கறுப்பின மக்களின் சர்ச்சுகள், கத்தோலிக்கப் பங்குக் கோவில்கள், யூத ஆலயங்கள் என்று பலவும் அதில் உறுப்பு. ராக்ஸ்பரி பிரெஸ்பிடீரியன் சர்ச்சின் போதகர் ஹர்மன் ஹாமில்டன், டெம்பிள் இஸ்ரேல் ஆலயத்தின் ரப்பி (யூத குரு) ஜோனா பெஸ்னர் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 2005-இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, மாநிலத்தில் எல்லோருக்கும் காப்பீடு வேண்டும் என்று வீதிவீதியாகக் கையெழுத்து வாங்கினார்கள். சட்டமன்றம் செய்யாவிட்டால் மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோய்விடுவோம் என்பது அதன் பொருள். 2006 ஏப்ரல் 12 அன்று ஃபனியல் ஹாலில் கவர்னர் மிட் ராம்னி அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்பீடு தராத கம்பெனிகள், 11 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், தலைக்கு வருடம் 295 டாலர் கட்ட வேண்டும் என்ற பிரிவை அவர் வெட்டினார். சட்டமன்றம் அதைத் திரும்பச் சேர்த்தது.

பலர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். கட்டுப்படியாகும் நிலையில் உள்ள ஒவ்வொரு பெரியவரும் காப்பீடு எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்றது அந்தச் சட்டம். சரி, கட்டுப்படியாகும் தொகை எவ்வளவு? அதைச் சட்டம் சொல்லவில்லை. கனெக்டர் என்ற புது வாரியம் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. கூட்டமைப்பு சர்ச்சுகளிலும் ஆலயங்களிலும் கூட்டங்கள் நடத்தி, வந்தவர்களைத் தங்கள் குடும்ப வரவுசெலவைத் தாளில் எழுதச் சொன்னது. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் போக மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? அந்தக் கணக்குகளை எடுத்துக்கொண்டு வாரியத்திடம் போனார்கள். 2007-இல் வாரியம் இறங்கி வந்தது. வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு மானியக் காப்பீட்டில் பிரீமியமே இல்லை என்றானது. கட்ட முடியாத நிலையில் உள்ள பலருக்கு அபராதத்திலிருந்து விலக்கு கிடைத்தது.

பொருளாதார நிபுணர்களின் அட்டவணைகள் அந்த வாரியத்திடம் ஏற்கெனவே இருந்தன. இல்லாதது வீட்டுக் கணக்கு. ஆஸ்பத்திரிக் கடனை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூசுகிறவர்கள், தாங்கள் கும்பிடும் இடத்தில் சொல்வார்கள். மத அமைப்புகளின் உண்மையான பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: வட கரோலினாவில் மெடிக்கெய்ட் விரிவாக்கம் 2023 வரை இழுத்தது ஏன்? (கேரி, வட கரோலினா)

2013-இல் உங்கள் மாநிலச் சட்டமன்றம் விரிவாக்கம் வேண்டாம் என்று சட்டமே போட்டது. அந்த ஏப்ரல் 29-ஆம் தேதி, கோல்ட்ஸ்போரோவில் கிரீன்லீஃப் கிறிஸ்டியன் சர்ச்சின் போதகரும், கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி சங்கத்தின் மாநிலத் தலைவருமான வில்லியம் பார்பர் உட்பட 17 பேர் ராலேயில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் கைதானார்கள். வாரம்தோறும் திங்கள்கிழமை இது தொடர்ந்தது. "மாரல் மன்டே" என்று பெயர் வந்தது. அந்தக் கோடையில் மட்டும் 900 பேருக்கு மேல் கைதானார்கள். மெடிக்கெய்ட் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. வாக்குரிமையும் பள்ளிக் கல்வியும் மற்றவை.

சட்டமன்றம் உடனே மசியவில்லை. கிராமப்புற ஆஸ்பத்திரிகள் தள்ளாடுவதைச் சொந்தத் தொகுதியிலேயே பார்த்து, செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கும் என்ற கணக்கும் உறைத்த பிறகு, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சித் தலைவர்களே மனம் மாறினார்கள். 2023 மார்ச் 27-இல் கவர்னர் ராய் கூப்பர் கையெழுத்திட்டார்; டிசம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. பத்து வருடம். இடையில் இன்சூரன்ஸ் இல்லாமல் நோயை முற்றவிட்டவர்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசின் பங்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் விரிவாக்கம் ரத்து என்று உங்கள் மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வாஷிங்டன் செய்திகளை விடாமல் கவனியுங்கள்.

கேள்வி: 2010-இல் கத்தோலிக்க ஆயர்கள் ஒபாமாவின் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்களே? நம் மதம் நம்மை எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறது? (சிகாகோ)

ஆயர் பேரவை கருக்கலைப்பு நிதியைக் காரணம் காட்டி எதிர்த்தது உண்மை. அதே வாரம் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தின் தலைவர் சிஸ்டர் கேரல் கீஹன் ஆதரித்தார். நெட்வொர்க் என்ற கன்னியாஸ்திரிகள் அமைப்பு, பல துறவறச் சபைத் தலைவிகள் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதத்தை காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அனுப்பியது. பிரதிநிதிகள் சபையில் மசோதா 219-க்கு 212 என்ற கணக்கில்தான் தேறியது. அந்தக் கடிதத்துக்கு இருந்த கனத்தை இதிலிருந்து ஊகிக்கலாம். ஒரே விசுவாசம், இரண்டு முடிவு. ஆஸ்பத்திரி வார்டில் தினமும் நோயாளியோடு நின்றவர்களின் முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் மாறுபடலாம்.

கேள்வி: எங்கள் சங்கம் நன்கொடை திரட்டி, ஊர் மக்களின் மருத்துவக் கடனை வாங்கித் தள்ளுபடி செய்ய நினைக்கிறது. நல்லதுதானே? (டாலஸ்)

நல்ல மனசு. சர்ச்சுகள் நிறையச் செய்திருக்கின்றன. ஆர்ஐபி மெடிக்கல் டெட் என்று 2014-இல் தொடங்கி, இப்போது அன்ட்யூ மெடிக்கல் டெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு, சுமார் 1 டாலருக்கு 100 டாலர் கடனைத் தீர்க்கிறது. வசூலாகாத பழைய கடன் சந்தையில் அவ்வளவு மலிவு. அங்கேதான் பிரச்சினையும். அந்தக் கடனை அந்தக் குடும்பம் பெரும்பாலும் கட்டியே இருக்காது. இப்படித் தள்ளுபடி பெற்றவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. அவர்களுடைய பண நிலையிலோ மன நிலையிலோ சராசரியாகப் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. கடன் உருவாகும் இடத்திலேயே தடுப்பதற்கு உங்கள் ஆட்களின் நேரத்தைக் கொடுங்கள் என்பேன். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மனைவியின் பித்தப்பை ஆபரேஷனுக்கு டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) போக எட்டாயிரம் டாலர் பில். கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா? (கொலம்பஸ், ஒஹாயோ)

போடாதீர்கள்! கார்டில் போட்டதும் அது சாதாரணக் கடனாகிவிடும், ஆஸ்பத்திரியோடு பேரம் பேசும் வழி அடைபட்டுவிடும். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால், எழுத்தில் ஒரு நிதி உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். பில்லிங் ஆபீசுக்கு போன் செய்து "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் அப்ளிகேஷன் அனுப்புங்கள்" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, குடும்பத்தில் எத்தனை பேர் என்பவை கேட்பார்கள். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இன்சூரன்ஸ் இருப்பவருக்கு டிடக்டிபிளில் உதவி உண்டா, வருமான வரம்பு எவ்வளவு என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். கூடவே வரிவாரியான, ஐட்டமைஸ்டு பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நண்பர் ஒரு கிறிஸ்தவப் "பகிர்வுத் திட்டத்தில்" சேர்ந்திருக்கிறார், பிரீமியம் பாதிதான் என்கிறார். சேரலாமா? (அட்லாண்டா)

அது உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் போட்டு ஒருவர் பில்லை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, இன்சூரன்ஸ் இல்லை. உங்கள் பில்லைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை அவர்களுக்குக் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மறுக்கவும் செய்யலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கமும் பக்கத்து சர்ச்சும் சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது? (செயின்ட் லூயிஸ், மிசூரி)

மேடை, பேனர், சிறப்பு விருந்தினர் எல்லாம் பிறகு. முதல் இரண்டு மூன்று மாதம் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுங்கள், அரை மணி நேரம் போதும். அப்புறம் சின்னக் கூட்டங்களில் குடும்ப வரவுசெலவுத் தாள். நான் நடத்தும் கூட்டங்களில், "மருத்துவக் கடன்" என்ற வரியைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். அதற்கு இரண்டு வரி கீழே "கிரெடிட் கார்டு" என்ற இடத்தில் தொகை பெரிதாக இருக்கும். எதற்காக ஆனது என்று மெதுவாகக் கேட்டால், பல்லுக்கு ரூட் கெனால், பிரசவ பில், அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ராத்திரி எமர்ஜென்சி என்று ஒவ்வொன்றாக வரும். பென்சில்தான் கொடுப்பேன். ஒரு தடவை அழித்துவிட்டுத்தான் உண்மைத் தொகையை எழுதுவார்கள். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆட்களுக்கு "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் அதிகம்.

முப்பது, நாற்பது தாள் சேர்ந்ததும் எந்தச் செலவு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அதைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு? மாநிலச் செனட்டரா, ஆஸ்பத்திரி நிர்வாகமா? அந்த ஆளைக் கூட்டத்துக்கு அழைத்து, இருவர் தங்கள் கணக்கைச் சொல்ல, பிறகு ஒரே கேள்வி: இதைச் செய்வீர்களா, மாட்டீர்களா? சால்வை போர்த்தி, நீளமாக வரவேற்புரை வாசித்து அந்தக் கேள்வியை அமுக்கிவிடாதீர்கள். நம் சங்கங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் மாநிலத்தில் இதற்கு மரபு இருக்கிறது. 2014 மே மாதம் செனட் பார்வையாளர் மாடத்தில் பாட்டும் ஜெபமுமாக நின்று, மெடிக்கெய்ட் விரிவாக்கம் கேட்டு 23 மதகுருமார்கள் கைதானார்கள்; 2016-இல் அத்துமீறல் வழக்கில் அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் வந்தது. 2020 ஆகஸ்டில் மிசூரி மக்கள் 53 சதவீத வாக்கில் விரிவாக்கத்தை நிறைவேற்றினார்கள். சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தும், 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அமல்படுத்தச் சொல்லிவிட்டது.

கேள்வி: 2027-இல் மெடிக்கெய்டுக்கு வேலை நிபந்தனை வருகிறதாமே. சங்கங்கள் இப்போது என்ன செய்யலாம்? (டெட்ராய்ட்)

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும். 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும், கடுமையான உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. தகுதியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பார்கள். 2018-இல் ஆர்கன்சாஸ் இதைச் செய்து பார்த்தது. நீதிமன்றம் நிறுத்துவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலை செய்துகொண்டோ விலக்குக்குத் தகுதியோடோ இருந்தவர்கள். பதிவு செய்ய வேண்டும் என்ற விஷயமே பலருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே இப்போதைக்கு உங்கள் வேலை பேப்பர் வேலை. வாரம் ஒரு மாலை, கோவில் ஹாலிலோ சர்ச் அடித்தளத்திலோ இரண்டு லேப்டாப், ஒரு ஸ்கேனர், பொறுமையான இரண்டு பேர். முகவரி மாறியவர்கள் அதை மெடிக்கெய்டில் மாற்றிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். மாற்றாவிட்டால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்விடும். சமூக சேவை மணிகளும் கணக்கில் சேரும் என்பதால், அன்னதானச் சமையலுக்கு வருகிறவர்களின் நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அது எந்த வடிவத்தில் இருந்தால் ஏற்பார்கள் என்று மாநில மெடிக்கெய்ட் அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.