புயல் எச்சரிக்கையை ஆராய்ந்தால் சம்பளம் வருமா?

ஐயா,

பி.ஏ. சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், புயல் எச்சரிக்கையைக் கேட்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நீங்கள் வேதாரண்யத்துக்காரர் என்பதால் பதில் சொல்வது எனக்கு எளிது.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அதற்குப் பல நாள் முன்பிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா முகாமுக்கு வர மறுத்துவிட்டார். அறிவிப்பு அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் முந்தின நாள்தான் ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. ஆட்டை எங்கே கட்டுவது என்று ஒலிபெருக்கியில் யாரும் சொல்லவில்லை. அந்த ஆடுதான் உங்கள் மகளின் ஆராய்ச்சிப் பொருள்.

சொல் புரியாமல் போவதும் உண்டு. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் புயல் தாக்கியபோது, கடல் பொங்கி ஊருக்குள் ஏறும் என்பதை ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். தக்லோபான் நகரத்தில் பலருக்கு அது விளங்கவில்லை. சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள். அந்நாட்டில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுனாமி என்ற சொல்லை நாகை மாவட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி சம்பளம். ‘எச்சரிக்கை ஆய்வாளர்’ என்று அரசு வேலை எதுவும் கிடையாது. பேரிடர் மேலாண்மை ஆணையங்கள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள் ஆகியவற்றில்தான் இடம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை; திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். இதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. முதுகலைக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள். பேரிடர் படிப்புக்கென்றே அங்கே தனிப் புலம் இருக்கிறது. பிறகு யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், முனைவர் பட்ட ஆய்வின்போது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். ஆறு மாத டிப்ளமோ விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தக் காசில் அவள் புள்ளியியல் கற்கட்டும். சமூகவியல் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

ஆசை உண்மையா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. இந்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு ‘ஆரஞ்சு அலர்ட்’ வரட்டும். மறுநாள் உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்கு அவள் போகட்டும். செய்தி யார் வழியாக வந்தது, ஆரஞ்சு என்றால் என்னவென்று நினைத்தார்கள், கேட்டபின் முதலில் என்ன செய்தார்கள் என்ற மூன்றை மட்டும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதி வரட்டும். யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது, இதுதான் கடினம்.

ஜனவரியில் அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். விண்ணப்பங்களைப் பற்றி அப்போது பேசுவோம்.